யார் விடவில்லை?

தருமபுரம் யாழ்மூரிநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, காரைக்காலில் கல்லூரி படிப்பவள், சென்ற மாதம் ஒரு நோட்டுடன் வந்து நின்றாள். "மாமா, இதக் கொஞ்சம் திருத்திக் குடுங்க." வீட்டில் மூத்தவர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிவரும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவள் தன் அப்பாயியைப் பேசவைத்து, செல்பேசியில் பதிவுசெய்து, நான்கு பக்கம் எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து, பிழையும் அதிகம் இல்லை. கடைசிப் பத்தியை இப்படி முடித்திருந்தாள்: பாட்டியின் வாழ்க்கையில் எல்லா முடிவுகளையும் மற்றவர்களே எடுத்தார்கள், அவர் எதையும் தீர்மானிக்கவில்லை.

அந்த அம்மாளை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். இந்த வரியைத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதனால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவைப் போடச் சொன்னேன். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம், கொல்லையில் ஆடு கத்தும் சத்தம். நடுவே அவர் குரல், அவசரம் இல்லாமல்.

"பதினேழு வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. மூணு புள்ள. மூத்தவனுக்கு ஒம்போது வயசு, அவரு போயிட்டாரு. இருந்தது மூணு மா நெலம். கொழுந்தனாரு வித்துடணும்னாரு. விக்க விடலை. அது இருந்ததுனால பொழச்சோம்."

மூன்று மா என்றால் சுமார் ஓர் ஏக்கர். பேத்தி நோட்டில் அந்த இடத்தைத் தேடினேன். "கணவர் இறந்த பின்னர் குடும்ப நிலம் விற்கப்படவில்லை" என்று இருந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே என்ன தொலைந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வயதானவர்களின் கதையைப் பதிவுசெய்யும் ஆர்வம் இப்போது பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. அந்த நல்ல வேலையில், பேசுகிறவரின் கையிலிருந்தே அவர் வாழ்க்கையை நாம் பறித்துவிடக் கூடாது.

தமிழ் வினைமுற்று பெரும்பாலும் செய்தவரைத் தன் வாலில் கட்டிக்கொண்டு வரும். போனேன், போனாள், போனார்கள். 'நான்' என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் இறந்தகால எதிர்மறையில் அந்த வால் கிடையாது. நான் விடவில்லை, நீ விடவில்லை, அவர்கள் விடவில்லை, மாடு விடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். 'மாட்டேன்' என்றால் ஆள் தெரியும், ஆனால் அது இனி நடக்கப்போவதற்கு. கடந்துபோன வாழ்க்கையைச் சொல்லும்போது, ஒருவர் 'முடியாது' என்று நின்ற இடத்தில்தான் நம் வினைச்சொல் ஆளைக் காட்டாமல் விடுகிறது. பலருடைய வாழ்க்கையிலும் பெரிய முடிவுகள் இப்படி 'முடியாது' என்று நின்றவைதான். அதிலும் பெண்களின் வாழ்க்கையில்.

அடுத்து 'விடு' என்ற சொல். 'விற்கவில்லை' என்றால் நிலம் அவருடையது, அவர் விற்காமல் வைத்துக்கொண்டார் என்று முடிந்துபோகும். 'விற்க விடவில்லை' என்றால் விற்க நினைத்த ஒருவர் இருக்கிறார், குறுக்கே நின்ற ஒருவர் இருக்கிறார், இருவருக்கும் நடுவில் ஒரு இழுபறி இருக்கிறது. சொன்னது இரண்டே சொல். 'விற்கப்படவில்லை' என்று மாற்றியதும் விற்க வந்தவர், தடுத்தவர், இழுபறி மூன்றும் போய், நிலம் மட்டும் தனியாகக் கிடக்கிறது.

அந்தப் பெண் மேல் பிழை இல்லை. நிறுவப்பட்டது, வழங்கப்பட்டது, மேற்கொள்ளப்பட்டது என்று எழுதினால்தான் அது கௌரவமான தமிழ் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கியிருக்கிறோம். செய்தித்தாளும் அலுவலகக் கடிதமும் அப்படித்தான் வருகின்றன. நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

வாழ்க்கைக் கதையில் ஒருவர் தன் செயலை எப்படிச் சொல்கிறார் என்பதை உளவியலில் தனியாகவே ஆராய்கிறார்கள். டேவிட் பேக்கன் என்ற அமெரிக்க அறிஞர் 1966இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வின் இரு இழைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, தானாக நின்று தன்னை நிலைநாட்டுவது. மற்றொன்று, பிறரோடு கலந்து வாழ்வது. டேன் மெக்ஆடம்ஸ் அதை வாழ்க்கைக் கதைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். ஜோனதன் ஆட்லர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, உளசிகிச்சைக்கு வந்த 47 பேர் சிகிச்சை நடந்த காலம் முழுக்க எழுதிய கதைகளைத் தொடர்ந்து படித்தது. கதையில் 'தன் செயல்' கூடியது முதலில் வந்தது, மனநலம் தேறியது அதற்குப் பின்னால் வந்தது. ஒருவர் தன்னைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பது வெறும் பேச்சு நடை இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதை அப்படியே எடுத்து நம் ஊர்க் கிழவியின் பேச்சில் 'நான்' எத்தனை, 'முடிவு செய்தேன்' எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் வருகிறது. எண்ணினால் ஒன்றும் தேறாது. "எனக்கு மனசு வரலை" என்பார். மனசு என்னவோ வெளியூரிலிருந்து வரவேண்டிய விருந்தாளி போல. ஆனால் நம் பேச்சில் அதைவிட உறுதியான மறுப்பு இல்லை. மனசு வராத ஆளை யாரும் அசைக்க முடியாது. "எனக்குப் பிடிக்கலை" என்பதும் அப்படியே. நான் என்பது 'எனக்கு' ஆகி, நடப்பதைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்துவிடும். வாக்கியத்தில் மட்டும்தான் அது ஓரமாக உட்கார்கிறது.

தன் செயல் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். 'வளர்ந்தார்கள்' என்பதற்கும் 'வளர்த்தேன்' என்பதற்கும் உள்ள தூரம் ஒரு மெய்யெழுத்தும் ஒரு விகுதியும். தன்வினை, பிறவினை என்று ஏழாம் வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு கேட்டால், 'புள்ளைங்க படிச்சாங்க' என்றாரா, 'படிக்க வச்சேன்' என்றாரா என்பது காதில் விழும். துணைவினைகளையும் கவனிக்க வேண்டும். 'பார்த்தேன்' என்றால் கண்ணால் பார்த்தது. 'பாத்துக்கிட்டேன்' என்றால் பொறுப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டது. 'வச்சேன்' வேறு, 'வச்சிட்டேன்' வேறு. பிந்தியதில் திரும்பப் பேச்சு கிடையாது. கடைசியில் அந்த 'தான்'. 'நான்' என்பதைக் கணக்கெடுக்கிறவர்கள் 'நாந்தான்' வரும் இடத்தைக் காத்திருந்து கேட்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சில் அது ஒரு தடவைதான் வரும்.

தவறிச் செய்ததைப் பற்றியும் ஒரு செய்தி. கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆங்கிலம் பேசுவோரையும் ஸ்பானிஷ் பேசுவோரையும் ஒப்பிட்டார்கள். தெரியாமல் ஒரு பொருள் உடைந்தால் ஆங்கிலத்தார் 'அவன் உடைத்தான்' என்று சொல்வது அதிகம், ஸ்பானிஷ்காரர்கள் 'உடைந்துபோயிற்று' என்று சொல்வது அதிகம். பிறகு கேட்டால், யார் கைபட்டு உடைந்தது என்பதும் ஆங்கிலத்தாருக்கே அதிகம் நினைவிருந்தது. வேண்டுமென்று உடைத்ததில் இரு சாராரும் சமம். 'கண்ணாடி ஒடஞ்சு போச்சு' என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் செய்தது என்று மனத்தில் பதிவதற்கும் எப்படிச் சொல்கிறோம் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. 'விற்கப்படவில்லை' என்று படிக்கும் கொள்ளுப்பேரன் யாரை நினைவில் வைப்பான்?

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலப் பேசும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியம் குறித்திருக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களில் திண்ணை தானே மெழுகிக்கொள்கிறது, கலம் தானே கழுவிக்கொள்கிறது. இதை முதலில் படித்தபோது வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது அந்த உதாரணத்தில் நின்றுவிடுகிறேன். சாணம் கரைத்துக் குனிந்து மெழுகியவள் எங்கே? பல நூறு வருஷத்துக்கு முன்பே வீட்டு வேலைதான் ஆளில்லாமல் சொல்வதற்கு ஏற்ற வேலையாகத் தோன்றியிருக்கிறது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். மயிலாடுதுறைப் பக்கத்துத் தருமபுரம் ஆதீனம் வேறு, இந்தத் தருமபுரம் வேறு. இது காரைக்காலை ஒட்டிப் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் இருக்கும் பாடல்பெற்ற தலம். சேக்கிழார் சொல்லும்படி, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். திருஞானசம்பந்தரோடு அவர் இங்கே வந்தபோது, சம்பந்தர் பதிகங்களை யாழில் இடும் பேறு தனக்குக் கிடைத்ததைச் சுற்றத்தாரிடம் சொன்னார். அவர்களோ, நீ வாசிப்பதால்தான் அந்தப் பாட்டுக்கே இத்தனை புகழ் என்றார்கள். சொந்தக்காரர்கள் பேசும் பேச்சு இன்றும் இப்படித்தான். யாழ்ப்பாணருக்கு உடம்பு நடுங்கியது. சம்பந்தரிடம் போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று கேட்டார். சம்பந்தர் பாடினார். நரம்பு பின்தொடர முடியவில்லை. யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். அந்தப் பண்ணுக்கு யாழ்மூரி என்று பெயர், சுவாமிக்கும் யாழ்மூரிநாதர் என்று பெயர்.

இந்தக் கதையைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். வினைகளைக் கவனியுங்கள். நடுங்கியவர் யாழ்ப்பாணர், போனவர் அவர், கேட்டவர் அவர், வாசிக்க முயன்றவர் அவர், ஓங்கியவரும் அவரே. சுற்றத்தார் தூக்கிக் கொடுத்த பெருமையைத் தன்னுடையது இல்லை என்று மறுத்தார். அந்த மறுப்பே அன்று நடந்த அத்தனைக்கும் தொடக்கம். அவர் கேட்டிராவிட்டால் அந்தப் பதிகமே இல்லை, கோயிலுக்கு இந்தப் பெயரும் இல்லை. 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லும் வாய்க்குச் சொந்தச் செயல் இல்லை என்று நினைக்கிறவர்கள் இங்கே வந்து மூலவர் பெயரைப் படிக்கலாம்.

பக்கத்திலேயே இன்னொருவர். காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும்போது அம்மையார் கதை முழுவதும் கண்முன் நடக்கிறது. புனிதவதி, வணிகன் பரமதத்தன், அவன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாங்கனி, அடியாருக்கு இட்ட ஒன்று, கணவன் இன்னொன்று கேட்டபோது இறையருளால் கைக்கு வந்த கனி. இவை பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லி நமக்குத் தெரிந்தவை. அம்மையாரே பாடியவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, ஆலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அவற்றில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. பேசத் தொடங்கிய நாள்முதல் தன் அன்பு எங்கே போயிற்று என்பதிலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். தன்னைக் காரைக்கால் பேய் என்று அழைத்துக்கொள்கிறார். பெற்றோர் இட்ட பெயரையும் கட்டியவன் வீட்டையும் விட்டுவிட்டு, ஊரையும் தான் தேர்ந்த சொல்லையும் மட்டும் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்தவர்தான். என்றாலும் தன் கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை ஒப்படைக்கவில்லை.

சேக்கிழாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டும் என்று அம்மையார் கேட்டுப் பெற்றதைச் சேக்கிழார் மறைக்காமல்தான் பாடினார். ஆனால் பிறர் சொல்லும்போது பெண்ணின் கதை கல்யாணத்திலிருந்து தொடங்குகிறது. பேத்தியின் நோட்டிலும் முதல் வரி கல்யாணம்தான். அவள் கேட்ட முதல் கேள்வியே, "அப்பாயி, உங்களுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?"

தன் கதையைத் தானே எழுதிய இன்னொருவரையும் பார்க்கலாம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் அவர் மறைந்த 1942 வரை ஆனந்த விகடனில் வந்தது, முற்றுப்பெறவில்லை. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த மனிதர், தன் வாழ்க்கை திரும்பிய இடத்தை எப்படிச் சொல்கிறார்? 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியாகச் சொல்கிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற கேள்வி. 1887இல் சிந்தாமணி அச்சேறியது, நடுவில் ஏழு வருஷ உழைப்பு. தன் செயலுக்கு வாசல் இன்னொருவர் கேள்வி என்று சொல்வதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேக்கன் பிரித்த இரண்டு இழைகளும் நம் நடையில் பெரும்பாலும் ஒன்றாகவே முறுக்கிக்கொண்டு வரும்.

பேக்கன் நூல் வந்த அதே 1966இல்தான் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞரின் சாதி அமைப்பு பற்றிய பெரிய நூலும் வந்தது. தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர் அவர். இந்தியச் சமூகத்தில் முழுமையே முதன்மை, தனிமனிதர் அதற்குள் அடக்கம் என்ற கருத்து அந்நூலால் பரவலாக நிலைத்தது. மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர், தமிழர்கள் தாங்களே சொன்ன வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுவிட்டு 1988இல் அதை மறுத்து எழுதினார். இவர்கள் தங்களைச் செயல்படுகிறவர்களாகவே காண்கிறார்கள், வயது ஏற ஏறத் தன் பொறுப்பில் நிற்பது கூடுகிறது என்பது அவர் கண்டது. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. அந்த அம்மாளின் முதல் வாக்கியம் 'கட்டிக் குடுத்துட்டாங்க'. பத்து நிமிஷம் கழித்து வரும் வினைகளில் 'ஆங்க' குறைந்து 'ஏன்' கூடியிருக்கிறது. கடைசியில் வீட்டுக்கு மாடி எடுத்ததைச் சொல்லும்போது, "எடுத்துட்டேன்" என்கிறார்.

காரைக்காலுக்கே உரிய ஒரு 'இல்லை' உண்டு. இந்தப் பகுதியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்க 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்த பிரெஞ்சுக் குடிகள் அன்றுமுதல் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகாத, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு. அதனால் இன்றும் இங்கே வீட்டுக்கு வீடு கேட்கலாம்: "அப்பா எழுதிக் குடுக்கலை." பக்கத்து வீட்டுக்காரர் குடும்பம் பாரிசில், சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் வாங்கும் வீடு தெருமுனையில், இவர்கள் இங்கே. அந்த 'குடுக்கலை' யோசித்து எடுத்த முடிவா, அலட்சியமா, தவணை தெரியாமல் போனதா? ஒருவர், தேசம் வந்தபின் எனக்கு எதற்கு பிரெஞ்சுக்காரன் காகிதம் என்று உதறியிருப்பார். இன்னொருவருக்குச் சேதி எட்டியே இருக்காது. மகன் வாயில் இரண்டும் ஒரே சொல்லாக வருகிறது. கேட்டால்தான் பிரியும்.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் உண்டு. இந்த அம்மாள் தன் கதையைப் பல தடவை சொன்னவர், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களிடம். விதவை உதவித்தொகை கேட்டுப் போகிறவர் தன்னை ஆதரவற்றவராகவே காட்ட வேண்டியிருக்கும். அங்கே 'நாந்தான் பாத்துக்கிட்டேன்' என்று சொன்னால் மனு நிற்காது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊர்களுக்கு நோட்டும் கேமராவுமாக வந்தவர்களிடம் மக்கள் எத்தனை தடவை தங்கள் இழப்பைச் சொன்னார்கள். என்ன போயிற்று என்றுதான் கேட்டார்கள், என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்கள் குறைவு. செல்பேசியை நீட்டும் பேத்தியும் ஒரு கணம் அந்த மேசை போலத் தெரிந்திருக்கலாம்.

கதை கேட்பதை வேறுவிதமாகச் செய்துகாட்டிய ஒரு புத்தகம் புதுச்சேரிப் பக்கத்திலேயே பிறந்தது. பறையர் குடியில் பிறந்த விவசாயக் கூலி, மருத்துவச்சி, ஒப்பாரி பாடுபவர் வீரம்மா. அவர் தமிழில் சொன்னதை ஜோசியான் ரசீன் என்பவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்தார். ழான்-லுக் ரசீனும் சேர்ந்து உழைக்க, 1995இல் பிரெஞ்சில் அது வெளிவந்தது. விதி, தெய்வம், ஆண்டை என்ற சொற்கள் அதில் நிறைய வரும். கூடவே அவருடைய சிரிப்பும் வரும். அடிமைப்பட்டவர்களின் சிரிப்பு என்பதையே துணைத்தலைப்பாக வைத்தார்கள். விதியை நம்புகிறவர் எப்படி ஆண்டையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டையும் அவர் குரலிலேயே விட்டுவைத்தார்கள். ஒரு மத்தியானத்தில் இது கிடைக்காது.

கல்லூரிப் பிள்ளைக்கு அத்தனை காலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அவள் நோட்டில் சிவப்பு மை எதுவும் இடவில்லை. அந்த ஒரு வரிக்குக் கீழே இரண்டு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். யாரு விடலை? எப்படி விடலை?

இரண்டு நாள் கழித்து வந்தாள். செல்பேசியை என் முன்னால் வைத்து ஓட்டினாள். இந்தத் தடவை மிக்ஸி சத்தம் இல்லை. அப்பாயியின் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"யாரு விடலையா? நாந்தான். வேற யாரு இருந்தா? பத்தாம் நாளு பத்திரம் எங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுங்க, அவுங்க எங்க வச்சாங்களோன்னுட்டேன். நெல்லுக் குதிருக்குள்ள அடியில போட்டு, மேல நெல்லக் கொட்டி வச்சிட்டேன். வீடு பூரா தேடுனாரு. அந்த வருஷம் வெத நெல்லுக்குக்கூட அந்தக் குதிர நான் தொறக்கலை. எங்கண்ணன் வீட்டுல போயி ஒரு மூட்ட கடன் வாங்கியாந்து வெதச்சேன். உங்க அப்பனுக்குக்கூட இது தெரியாது. இதையும் எழுதுவியா?"